கையில் வைக்கும் காசு



சென்ற கோடை விடுமுறையில் பிரான்சு நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தார் என்னை விருந்துக்கு அழைத்தனர். அவர்களுடைய பாட்டனாரின் கல்லறையை மந்திரித்துக் கொடுத்தமைக்கு நன்றியாகவே அவ்வழைப்பு. வீட்டிலேயே ஏதாவது செய்யுங்கள் என்றேன், கேட்கவில்லை. கடற்கரைக்கு அருகில், முன்பு பிரெஞ்சுக்காரர் குடியிருந்த வீதிகளில் ஒன்றில், பழைய மாளிகையொன்றை உணவகமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே அழைத்துச் சென்றனர். முதலியார்பேட்டைச் சாமியாருக்கு அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையே எண்ணிக்கொண்டுதான் அமர்ந்திருந்தேன்.

உணவு முடிந்தது. விருந்தளித்தவர் விரலைச் சொடுக்கி, "கார்சோன்!" என்று அழைத்தார். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்குப் 'பையன்' என்பது பொருள். உணவகத்தில் பரிமாறுகிறவரை அப்படி அழைப்பது பிரான்சிலேயே இன்று நாகரிகமாகக் கருதப்படுவதில்லை. பழைய காலத்துப் புதுச்சேரியை விட்டுப் போனவர்கள் பழைய சொற்களையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்விட்டார்கள் போலும். அழைப்புக்கு ஓடி வந்து நின்ற 'பைய'னுக்கு இருபத்தாறு வயது. ஞாயிறு முதல் திருப்பலியில் நமக்கு வாசகம் வாசிக்கிற இளைஞர் அவர். விருந்தளித்தவர் ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை அடுத்த மேசையில் இருப்பவர்களுக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, "வைத்துக்கொள்" என்றார். இளைஞர் குனிந்து இரு கைகளாலும் வாங்கினார். நிமிர்ந்தபோது அவர் பார்வை என்மீது விழுந்தது. நான் என் எதிரே இருந்த காலிக் கிண்ணத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று எண்ணியதாக முதலில் ஒரு விடை வந்தது. அது பொய். சங்கடப்பட்டவன் நான்.

வியாழனன்று மாலை அவர் என் அறைக்கு வந்தார். "சாமி, அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்" என்றார். "பார்த்தேன் தம்பி. பேர் சொல்லி அழைத்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, வேறொரு செய்தியைச் சொன்னார். அந்த ஐந்நூறு ரூபாய் அவருக்கு வரவில்லையாம். பரிமாறுகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு பெட்டிக்குள் போகும். வாரக் கடைசியில் அதைத் திறந்து பங்கிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற பெண்களுக்கும் அடுப்படியில் நிற்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது நியாயமே என்று அவரே சொன்னார். ஆனால் உடைந்த தட்டுக்களின் பெயரால் மேலாளர் முதலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். அன்றைய பில்லில் நூற்றுக்குப் பத்து வீதம் 'சேவைக் கட்டணம்' என்று முன்னமே சேர்க்கப்பட்டிருந்ததாம். அதில் எவ்வளவு சேவகர்களைச் சேர்ந்தது என்பது அவருக்கும் தெரியாது.

இதைக் கேட்டபின் விசாரித்தேன். இப்படிச் சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கலாகாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே, அந்த வரியை நீக்குங்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்டு நீக்கியபின் அத்தொகையை நம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவோமா, பரிமாறியவர் கையில் வைப்போமா என்பது வேறு கேள்வி.

அவர் வந்தது இதற்காக அன்று. வீட்டில் சண்டை. அவருடைய தங்கை, காது கேளாப் பிள்ளைகளுக்கான ஒரு சிறு பள்ளியில் ஆசிரியை. தங்கைக்கு மாதச் சம்பளமாக வருவதைவிட அண்ணனுக்குச் சம்பளத்தோடு பெட்டிப் பங்காக வருவது கூடுதல். சுற்றுலாக் காலத்தில் பெட்டிப் பங்கு மட்டுமே அவளுடைய சம்பளத்தை எட்டிவிடும். 'இரண்டு பட்டம் படித்தவள் இந்தச் சம்பளத்துக்கு ஏன் உழைக்கிறாள்? ஓட்டலில் வரவேற்பு மேசையில் இடமிருக்கிறது, வரட்டும்' என்கிறார் தாயார். தங்கை மறுக்கிறாள். "நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் சாமி" என்றார் இளைஞர். எந்தப் பக்கம் சொல்ல வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

இந்த மாதம் எழுத வேறொரு பொருள் வைத்திருந்தேன். அதைத் தள்ளிவைத்துவிட்டு இதையே எழுதுகிறேன்.

நாம் 'டிப்ஸ்' என்று இன்று சொல்வதை நம் முதியோர் 'இனாம்' என்றனர், 'பக்சீஸ்' என்றனர். நம் ஊரில் பிரெஞ்சுத் துரைமார் வீடுகளில் வேலை பார்த்தவர்கள் 'பூர்புவார்' என்பார்கள். 'குடிப்பதற்கு' என்பது அதன் நேர்ப்பொருள். ஜெர்மானியர் வழங்கும் சொல்லுக்குக் 'குடிகாசு' என்று பொருள். ரஷ்யர் 'தேநீருக்கு' என்கின்றனர். நாமும் 'காப்பிக்கு வைத்துக்கொள்' என்கிறோமே! உலகத்தார் யாவரும் ஒருவரையொருவர் கேளாமலே இதற்கு ஒரே பெயரை இட்டிருப்பது வியப்பு. கூலி என்பது சோற்றுக்கு. இது சோற்றுக்கு மேல் ஒரு மிடறு. கூலியாளன் கையில் சோற்றுக்கு உரியதை முழுமையாக வைத்தபின், மனமுவந்து கூடுதலாகத் தருவதற்கே இப்பெயர் பொருந்தும். சோற்றுக்குப் போதாத கூலியைக் கொடுத்துவிட்டு, மீதியை வருகிறவர் போகிறவரிடம் வாங்கிக்கொள் என்று ஒரு முதலாளி சொல்வாரானால், அப்போது அது குடிகாசு அன்று. முதலாளி தாம் தர வேண்டியதை நம் தலையில் கட்டியிருக்கிறார் என்றே பொருள்.

அமெரிக்க நாட்டில் இது பெரிய அளவில் நடந்தது. அங்கே உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், புல்மன் என்பவரின் நிறுவனம் இரயில்களில் படுக்கைப் பெட்டிகளை ஓட்டியது. அவற்றில் பணியாற்ற, விடுதலை பெற்ற கறுப்பின மக்களையே அமர்த்தினர். பயணிகளின் காலணியைத் துடைத்து, படுக்கை விரித்து, இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும். சம்பளம் மிகச் சிறிது. இனாமை நம்பியே குடும்பம். அவர்களில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. முதலாளியின் பெயர் ஜார்ஜ் ஆகையால், பயணிகள் அத்தனை பேரையும் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். அவர்கள் 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி 1937-இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். அதுவரை மாதம் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது, சம்பளம் உயர்ந்தது. இனாமுக்காகப் பல்லைக் காட்டும் வாழ்வு போதும், உழைப்புக்கு உரிய சம்பளத்தைக் கொடு என்பதே அவர்களின் வழக்கு. எனினும் அந்நாட்டில் அம்முறை முற்றும் ஒழியவில்லை. இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்த கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் என 1991-இல் நடுவண் சட்டம் வைத்தது, இன்றும் அப்படியே நிற்கிறது.

1937 என்றதும் நம் ஊர் முதியோருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். அதற்கு முந்திய ஆண்டு, 1936 ஜூலை 30 அன்று, சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பிரெஞ்சுக் காவலர் சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்று நடத்திய போராட்டம் அது. அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தொழிலாளர் சட்டம் வந்தது; எட்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. ஆசியாவிலேயே முதன்முதலில் அவ்வுரிமையைக் கண்டவர்கள் நாங்கள் என்று புதுச்சேரித் தொழிலாளர் பெருமையுடன் கூறுவர். புல்மன் பெட்டித் தொழிலாளருக்கும் நம் தறிக்காரருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஆயினும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே பொருளைத்தான் இரு திசைகளிலிருந்து கேட்டிருக்கிறார்கள்.

நம் இளைஞரின் பாட்டனார் ரோடியர் ஆலையில் தறி ஓட்டியவர். 1898-இல் தொடங்கிய அவ்வாலையை ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை என்றும், பின்னாளில் ஏ.எஃப்.டி. என்றும் அழைத்தோம். முதலியார்பேட்டையில் பாதி வீடுகள் அந்த ஆலைச் சங்கைக் கேட்டே விழித்தெழுந்தன, அடுப்பை மூட்டின. 2011 டிசம்பர் 30 அன்று வீசிய 'தானே' புயலில் அதன் கூரைகள் சிதைந்தன. 2020-இல் கதவை முற்றிலும் சாத்திவிட்டார்கள். பெரியவர் எண்பதைக் கடந்தவர். காது சற்று மந்தம். தறிக் கூடத்து இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்றவர் வேறெப்படி இருப்பார்? அவரிடம் பேச வேண்டுமானால் திண்ணையில் அருகே அமர்ந்து உரக்கப் பேச வேண்டும். தெருவே கேட்கும்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பேரனைப் பற்றியோ பேத்தியைப் பற்றியோ முதலில் ஒன்றும் சொல்லவில்லை. தம் இளமையில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்த கதையைச் சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள் உரிமையாளர் வாசலில் நாற்காலி போட்டு அமர்வார். வேலையாட்கள் வரிசையில் நிற்பார்கள். ஆளுக்கொரு துண்டு, ஒரு மிட்டாய்ப் பொட்டலம், சில ரூபாய்கள். வாங்கும்போது குனிந்து கும்பிட வேண்டும். கும்பிடு சரியாக இல்லாதவனுக்கு அடுத்த ஆண்டு ஒரு ரூபாய் குறையும். பிறகு அவர் ஆலையில் சேர்ந்தார். அங்கே போனஸ் வந்தது. "இனாம் வாங்கும்போது கும்பிட்டோம் சாமி. போனஸ் வாங்கும்போது கையெழுத்துப் போட்டோம்" என்றார் பெரியவர்.

நம் நாட்டில் போனஸ் என்பதும் தொடக்கத்தில் இனாமாகவே வந்தது. 1917-இல் அகமதாபாத்தில் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடிவிடாதிருக்க, ஆலை முதலாளிகள் 'பிளேக் போனஸ்' கொடுத்தனர். நோய் தணிந்ததும் நிறுத்தினர். அதற்குள் விலைவாசி ஏறிவிட்டிருந்தது. அதை ஈடுசெய்யக் கூலியில் 35 விழுக்காடு உயர்வு கேட்டு 1918-இல் தொழிலாளர் வேலையை நிறுத்தியதும், அவர்களின் உறுதி தளர்ந்தபோது காந்தியடிகள் மூன்று நாள் உண்ணாநோன்பு இருந்ததும் வரலாறு. கொடுத்தவர் விருப்பப்படி கொடுத்ததைக் கொடுத்தவர் விருப்பப்படியே நிறுத்தவும் முடியும் என்பதை அத்தொழிலாளர் அப்போது அறிந்தனர். அதன்பின் நீதிமன்றங்களில் பல்லாண்டு வாதாடி, 1965-இல் போனஸ் சட்டம் வந்தது. பிற்பாடு 8.33 விழுக்காடு என்பது குறைந்த அளவாயிற்று. நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், புரியும். ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம். முதலாளியின் மனநிலையைப் பார்த்துக் கும்பிட்டு வாங்கிய துண்டும் மிட்டாயும் அவ்வாறு கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாக மாறின.

வள்ளுவர் இதை நன்கு பிரித்து வைத்திருக்கிறார். ஒப்புரவறிதல் 22-ஆம் அதிகாரம். ஈகை 23-ஆம் அதிகாரம். இரண்டும் ஒன்றானால் இரண்டு அதிகாரங்கள் எதற்கு?

இவ்வளவும் எழுதுகிற நான் யார் என்று ஒரு கேள்வி எழுவது நியாயம். நானும் இனாம் வாங்குகிறவனே. வீடு மந்திரித்தால் ஒரு உறை. திருமணமானால் ஒரு உறை. திருப்பலிக் கருத்துக்குக் காணிக்கை. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைப் பற்றிக் கறாராகவே பேசுகிறது. காணிக்கை பெறலாம், ஆனால் வியாபாரத்தின் சாயலும் அதில் படியக் கூடாது. ஏழைகளின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் நிறைவேற்றுமாறு குருக்களைக் கேட்டுக்கொள்கிறது. ஒரே நாளில் பல திருப்பலிகள் செய்தாலும் ஒன்றின் காணிக்கையையே தனக்கென வைத்துக்கொள்ளலாம். குருமடத்தில் இதைப் படித்தபோது, இவ்வளவு விதிகள் எதற்கு என்று நினைத்தேன். உறைகளை வாங்கத் தொடங்கிய பிறகு தெரிந்தது. தடிமனான உறை தருகிற வீட்டில் செபம் தானாகவே சற்று நீள்கிறது! கை அறிவதற்கு முன் நாக்கு அறிந்துவிடுகிறது. பரிமாறும் இளைஞர் எந்த மேசையில் எவ்வளவு புன்னகைக்க வேண்டும் என்று கணக்கிடுகிறார் என நாம் குறைகூறுவதற்கு முன், இதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

அப்படியானால் இனாம் கொடுக்கவே கூடாதா என்று சிலர் கேட்பீர்கள். கொடுங்கள். கொடுக்கும் முறையைப் பற்றி எனக்குச் சில எண்ணங்கள் உண்டு.

வேலைக்கு முன்னால் கொடுப்பது இனாம் அன்று. வரிசையை முந்துவதற்கான விலை. மருத்துவமனையில் தள்ளுவண்டி தள்ளுகிறவருக்கு முன்கூட்டியே கையில் வைத்துவிட்டால், வைக்க இயலாத ஏழைத் தாயின் வண்டி வராந்தாவில் நிற்கும். அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவருக்கு முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் அதற்குப் பெயர் வேறு. அப்பெயர் உங்களுக்குத் தெரியும். பலர் பார்க்க உயர்த்திப் பிடித்துக் கொடுப்பதை நான் சொன்னேன். எறிவதும் அதே இனம். ஜப்பானியரிடம் இவ்வழக்கமே பெரும்பாலும் இல்லை. பழைய விடுதிகளில் ஒரு நன்றிக் காசு கொடுக்க நேர்ந்தால், உறையிலிட்டு இரு கைகளாலும் கொடுப்பார்களாம். திருமண வீட்டில் மொய் எழுதும்போது நாமும் அப்படித்தானே செய்கிறோம்? சமமானவருக்கு மட்டும் உறை, உழைப்பவருக்கு வெறுங்காசு என்று யார் விதித்தது?

சமையல் வாயு உருளை கொண்டு வருபவரைப் பற்றி அடிக்கடி என்னிடம் முறையிடுகிறீர்கள். 'பில்லுக்கு மேல் கேட்கிறான் சாமி' என்கிறீர்கள். வீட்டில் கொண்டுவந்து சேர்க்கும் கூலி பில்லிலேயே அடக்கம் என்பது உண்மை. ஆகவே அவர் அதட்டிக் கேட்பது தவறு, கொடுக்க மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உருளையில் வாயு மட்டும் 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அவ்வளவு. அதைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பில்லை மட்டும் சரிபார்க்கிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். உரிமைக்கும் தாகத்துக்கும் இடையே சிறிது இடம் விடலாம்.

இப்போது எல்லாரும் கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறோம். சில்லறை என்பதே மறைந்துவிட்டது. 'என்னிடம் சில்லறை இல்லையே' என்று கைவிரித்துவிடுவது எளிதாகிவிட்டது. உணவுப் பொட்டலம் கொண்டுவரும் பிள்ளைகளுக்குக் கைப்பேசியிலேயே இனாம் அழுத்தலாம் என்கிறார்கள். அழுத்துங்கள். ஆனால் மழையில் நனைந்து நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் கதவிடுக்கு வழியாகக் கைநீட்டி வாங்குவதை விரல் நுனியால் ஈடுகட்ட முடியாது.

எல்லாவற்றுக்கும் முதலாக, வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு மாதம் பிறந்ததும் சம்பளத்தைக் கொடுங்கள். கூலியாளின் கூலி ஓர் இரவுகூட நம் வீட்டில் தங்கலாகாது என்பது லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை. பத்துத் தேதி வரை இழுத்தடித்துவிட்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்குப் பழைய புடவை ஒன்றை இனாமாகத் தருவதால் அது நேராகிவிடாது. இதில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இனித் தங்கையின் விஷயம். நான் அந்தப் பள்ளிக்குப் போனேன். சிறு பிள்ளைகள் அரைவட்டமாக அமர்ந்திருந்தார்கள். ஒரு குழந்தையின் உள்ளங்கையைத் தன் தொண்டைமீது வைத்துக்கொண்டு அவள் 'அம்மா' என்றாள். அதிர்வைக் கையால் உணர்ந்து, பின் அக்குழந்தை தன் தொண்டையில் கைவைத்து அதே அதிர்வைத் தேடிற்று. பல முறை முயன்றது. வந்த ஒலி 'அம்மா' என்பதற்கு அருகிலும் இல்லை. அவள் அதைக் கொண்டாடினாள். மறுபடியும் தொடங்கினாள். இரண்டு மாதங்களாக இந்த ஒரு சொல்தான் என்றாள்.

இதைப் பார்த்துவிட்டு, 'பணம் பெரிதன்று, பணியே பெரிது' என்று தாயாரிடம் சொல்லிவிட்டு வருவது எனக்கு எளிது. அப்படிச் சொல்வதற்கென்றே என்னைப் போன்றவர்கள் இருப்பதாகவும் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நான் அவளுடைய சம்பளத்தைக் கேட்டேன். கேட்டதும் தலை குனிந்தேன். நம் ஊரில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் தொண்டு நிறுவனங்கள் நடத்துகிறவர்களில், துறவிகளாகிய எங்களைச் சேர்ந்தவர்களையும் சேர்த்தே சொல்கிறேன், ஒரு தீய வழக்கம் உண்டு. 'சேவை' என்ற சொல்லைச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிட்டுவிடுகிறோம். பொருளுள்ள வேலை கிடைத்திருக்கிறதே, அது போதாதா என்கிறோம். எங்களுக்கு இல்லம் உண்டு, உணவு உண்டு, முதுமையில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அவளுக்கு வாடகை உண்டு, மருந்துச் செலவு உண்டு, திருமணம் உண்டு. உணவக முதலாளி தம் சம்பளச் சுமையை வாடிக்கையாளரின் தயவில் ஏற்றுகிறார் என்று மேலே குறை சொன்னேன். நாங்கள் அதைத் தொழிலாளியின் மனச்சான்றின்மீதே ஏற்றிவிடுகிறோம். எது பெரிய குற்றம்?

1891-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் எழுதிய தொழிலாளர் திருமடல் இதைத் தெளிவாகவே பேசியது. இருவரும் ஒப்புக்கொண்ட கூலி என்பதால் மட்டும் அது நீதியான கூலி ஆகிவிடாது. உழைப்பவன் சிக்கனமாக வாழ்வதற்குப் போதுமானதாக அது இருக்க வேண்டும். வறுமையின் அச்சத்தால் ஒருவன் குறைந்த கூலிக்கு இசைந்தால் அது அவன்மீது நடக்கும் வன்முறையே என்பது அதன் கருத்து. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 1981-இல், இரண்டாம் யோவான் பவுல் வேலையின் மதிப்பை மற்றொரு பக்கத்திலிருந்து பார்த்தார். செய்யப்படும் வேலை எது என்பதைவிட, அதைச் செய்கிறவர் மனிதர் என்பதே வேலைக்கு மதிப்பைத் தருகிறது என்றார். அவ்வாறாயின் காது கேளாக் குழந்தைக்குச் சொல் கற்பிப்பது உயர்ந்தது, சாம்பார் பரிமாறுவது தாழ்ந்தது என்று நாம் தரம் பிரிக்கவும் இயலாது. நன்கு பரிமாறப்பட்ட உணவும் பொருளுள்ள வேலைதான். இளைஞரிடம் இதைச் சொன்னபோது, "முதியவர்கள் வந்தால் மீனில் முள் எடுத்துக் கொடுப்பேன் சாமி, அதைப் பார்த்து யாரும் இனாம் கொடுத்ததில்லை" என்றார்.

பெரியவர் கடைசியில்தான் பேத்தியைப் பற்றிப் பேசினார். தறியிலிருந்து இறங்கிய துணியை ஒருநாளும் பார்க்காமல் வீட்டுக்கு வந்ததில்லையாம். சங்கு ஊதியதும் எல்லாரும் ஓடுவார்கள். இவர் ஒரு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டே வெளியே வருவார். அதற்கு யாரும் காசு தரவில்லை. காசு தந்திருந்தால் தடவியிருக்க மாட்டேன் என்றார். பிறகு, "ஆனால் சாமி, சம்பளம் தராமல் இருந்திருந்தால் ஆலைக்கே போயிருக்க மாட்டேன். அதையும் அந்தப் பள்ளிக்காரர்களிடம் சொல்லுங்கள்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

சொன்னேன். பள்ளி நிர்வாகத்தாரைக் கண்டு பேசினேன். நன்கொடை குறைந்துவிட்டது என்றார்கள், கணக்கைக் காட்டினார்கள், பொய்யில்லை. இரண்டாம் முறை போனபோது, வண்ணம் பூசுவதற்கென ஒதுக்கிய தொகையை இவ்வாண்டு ஆசிரியர் சம்பளத்தில் சேர்க்க இசைந்தார்கள். பெரிய உயர்வு அன்று. ஓட்டல் மேசையின் சம்பளத்துக்கு அது எட்டாது. தங்கை அடுத்த கோடை வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அந்தக் குழந்தைக்கு இன்னும் இரண்டு சொற்களாவது வந்துவிடும் என்பது அவள் கணக்கு. தாயார் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. கோவிலில் பார்த்தால் தோத்திரம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் கவலை தவறானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாடகைச் சீட்டு அவர் கைக்குத்தானே வருகிறது?

சென்ற வாரம் அவர்கள் வாடகை வீட்டை மாற்றினார்கள். மந்திரிக்க அழைத்தார்கள். செபம் முடிந்து புறப்படும்போது, இளைஞர் ஓர் உறையை இரு கைகளாலும் நீட்டினார். நான் தயங்கினேன். "வாங்கிக்கொள்ளுங்கள் சாமி. இது பெட்டிக்குள் போகாது" என்றார். தாயார்கூடச் சற்றே சிரித்தார். நானும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறினேன்.